துணைக்கு வந்தவன் கேட்கும் கூலி

பக்கத்து நாட்டோடு எல்லைத் தகராறு மூண்டால் டீக்கடையில் எழுகிற முதல் கேள்வி, "நமக்குப் பின்னால எவன் நிக்கிறான்?" என்பதுதான். படித்த மாணவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அமெரிக்கா நிற்குமா, ரஷ்யா நிற்குமா என்று அணி பிரித்துச் சண்டை போடுகிறார்கள். பின்னால் நிற்கிறவன் எதற்காக நிற்கிறான், எதுவரைக்கும் நிற்பான், போகும்போது எதை எடுத்துக்கொண்டு போவான் என்று கேட்க ஆளில்லை. இந்த இதழில் அதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதைப் பேசுவதற்கு நம் திருக்கோவிலூரை விட்டு வெகுதூரம் போகவேண்டியதில்லை.

சங்ககாலத்தில் இந்த ஊர் கோவலூர். மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர். முள்ளூர் மலை அவனுக்கு அரண். நாடு சின்னது, படை பேர்பெற்றது. அதனால் மூவேந்தர்களும் அவனைத் தங்கள் பக்கம் இழுக்கப் பொருளோடு ஆள் அனுப்பினார்கள். காரி கொல்லிமலை ஓரியைக் கொன்றான். கொன்று, அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. கணக்கைப் பாருங்கள். சண்டை போட்டவன் காரி. செத்தவன் ஓரி. மலை சேரனுக்கு.

அப்புறம் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூர்மேல் படையெடுத்து அதை அடித்தான். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. கோவலூர்ச் சேதியை ஔவையார் பாட்டு சொல்கிறது. பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். அதைப் பதிற்றுப்பத்து சொல்கிறது. காரி சேரனிடம் அடைக்கலம் போனதால் வந்த போர் இது என்று வரலாறு எழுதியவர்கள் இரண்டையும் கோத்துச் சொல்கிறார்கள். அதியமானும் ஒற்றை ஆளாக நிற்கவில்லை. இரண்டு பெருவேந்தர்கள் அவனோடு சேர்ந்து நின்றார்கள். சோழனும் பாண்டியனும் என்று பொருள் சொல்வார்கள். நின்று என்ன ஆச்சு? சோழநாடும் பாண்டியநாடும் இருந்த இடத்திலேயே இருந்தன. தகடூர்தான் போச்சு.

மலையமான்கள் பட்டதும் கொஞ்சமல்ல. தோற்று வந்த ஒரு சோழனை முள்ளூர் மலையில் வைத்துக் காப்பாற்றிய குலம் அது. அந்தக் குலத்துப் பிள்ளைகளைத்தான் இன்னொரு சோழன், கிள்ளிவளவன், யானைக்காலில் இடத் துணிந்தான். கோவூர்கிழார் குறுக்கே புகுந்து பாடியதால் பிள்ளைகள் பிழைத்தார்கள். பெரியவனுக்குச் செய்த உதவி, பெரியவன் வீட்டுக் கணக்கில் கடனாக ஏறுவதில்லை.

இந்தக் கதையைப் புலவர்கள் வீரம் என்றும் கொடை என்றும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாம் வேறு கேள்வி கேட்கவேண்டும். காரியைப் பாடிய கபிலர், அவனுடைய நாடு அந்தணருடையது என்கிறார். வேந்தர்கள் துணை கேட்டுக் கொடுக்கிற பொருள் பரிசிலருடையது என்கிறார். உழுதவன் பேர் அந்தப் பாட்டில் இல்லை. பறையும் துடியும் அடித்துப் போருக்குக் கிளப்பியவன் எவன், அவனுக்கு எத்தனை குழி நிலம் கிடைத்தது? எந்த வேந்தன் வந்தாலும் எரிந்தது அவன் குடிசைதான்.

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆர்மேனியாவைப் பாருங்கள். நகோர்னோ கராபாக் என்கிற மலைநாட்டுக்காக அதற்கும் பக்கத்து அசர்பைஜானுக்கும் தகராறு. 1990களில் ஆர்மேனியத் தரப்பு வென்றது. லட்சக்கணக்கான அசர்பைஜானியர்கள் வீடு இழந்து ஓடினார்கள். ஆர்மேனியா ரஷ்யாவை நம்பியிருந்தது. ரஷ்யாவின் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருந்தது, ரஷ்யப் படைத்தளத்துக்குத் தன் மண்ணில் இடமும் கொடுத்திருந்தது. அசர்பைஜானுக்குத் துருக்கி துணை. 2020இல் 44 நாள் போர் நடந்தது. அசர்பைஜான் கை ஓங்கிய பிறகு ரஷ்யா சமரசம் பேசிச் சுமார் 2,000 அமைதிப்படையினரை இறக்கியது. 2022 டிசம்பரில் கராபாக்குக்குப் போகும் ஒரே சாலை அடைபட்டது. அமைதிப்படை அங்கேதான் இருந்தது. 2023 செப்டம்பரில் அசர்பைஜான் மறுபடி தாக்கியது. ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் மூட்டைமுடிச்சோடு வெளியேறினார்கள். ரஷ்யாவுக்கு அப்போது உக்ரைன் போர் இருந்தது, துருக்கியின் தயவும் தேவைப்பட்டது. அதன் கணக்கில் கராபாக் சனங்கள் சின்னத் தொகை.

"அப்படின்னா யாரோடும் சேரவே கூடாதா தோழர்?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தனித்து நின்ற பறம்பு மலைப் பாரியை மூவேந்தரும் சேர்ந்து முடித்தார்கள். சின்னவனுக்குத் துணை வேண்டும். துணையே பலம் என்று நம்பி உட்கார்ந்தால்தான் ஆபத்து. வியட்நாம் 1978 நவம்பரில் சோவியத்தோடு நட்பு ஒப்பந்தம் போட்டது. 1979 பிப்ரவரியில் சீனா எல்லை தாண்டி வந்தது. சோவியத் ஆயுதம் கொடுத்தது, படை அனுப்பவில்லை. எல்லை மாகாணங்களின் உள்ளூர்ப் படைகளும் மக்கள் படையும் தாக்குப்பிடித்தன. ஒரு மாதத்துக்குள் சீனா திரும்பிப்போனது. 1988 மார்ச்சில் ஸ்பிராட்லி தீவுகளில் சீனக் கப்பற்படை 64 வியட்நாமியர்களைக் கொன்றது. சோவியத் கடற்படை வியட்நாமின் காம்ரான் விரிகுடாவிலேயே தளம் வைத்திருந்தும் தலையிடவில்லை. சீனாவோடு உறவைச் சரிசெய்துகொள்ள அது முயன்றுகொண்டிருந்த காலம் அது. அடுத்த வருஷமே கோர்பச்சேவ் பெய்ஜிங் போய்வந்தார்.

நமக்கு இதைவிட நெருக்கமான பாடமும் உண்டு. 1983க்குப் பிறகு ஈழப் போராளிகளுக்கு இந்திய அரசு பயிற்சி கொடுத்தது. 1987 ஜூலை 29இல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்துப் போட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும். யாருடைய மண்ணைப்பற்றிய ஒப்பந்தமோ அந்தத் தமிழர்களுக்கு அதில் கையெழுத்து இல்லை. அந்த அக்டோபரிலேயே இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. இடையில் மாட்டிச் செத்தது யாழ்ப்பாணத்துச் சனங்கள்.

ஆகவே தோழர்களே, ஏதோ ஒரு நாட்டின் எல்லைச் சண்டையில் நீங்கள் ஒரு பக்கம் நிற்க நினைத்தால் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துணைவன் நாளைக்கு விலகிப்போனால் அவனுக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை என்றால் அவன் போகத்தான் போகிறான். அடுத்து, அந்த மண்ணில் குடியிருக்கிறவர்களையும் உழுகிறவர்களையும் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மூட்டை கட்டப்போவது அவர்கள்தான். அவர்கள் பக்கம் நின்று பேசக் கற்றுக்கொள்வோம். மற்ற இரண்டு பக்கமும் பேசுவதற்கு ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.