யார் சொன்னது, சேரமாட்டார்கள் என்று?

அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தூரத்து உறவில் எனக்கு மாமா முறை. பேச்சு எப்படியோ புதிய தொழிலாளர் சட்டங்களுக்கு வந்தது. ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபடியே சொன்னார்: "கட்சிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கொடி. இவனுங்க என்னைக்குய்யா ஒண்ணு சேர்ந்தானுங்க, இப்ப சேர்றதுக்கு?" எதிர்வரிசையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

இதே பேச்சை டீக்கடையில் கேட்டிருக்கிறேன், ரயிலில் கேட்டிருக்கிறேன், தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்பவர்கள் யாரும் ஒரு நாளாவது ஆலை வாசலில் நின்று பார்த்தவர்கள் இல்லை. ஆனால் தொழிலாளி சேரமாட்டான் என்பது மட்டும் அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். 2023 ஏப்ரல் மாதம் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள்?

அந்த மாதம் 21-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்த திருத்தம் அது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் வேலை செய்தால் மூன்று நாள் விடுமுறை, விரும்புகிறவர்களுக்கு மட்டும்தான் என்றெல்லாம் அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு நிற்கும் ஒருவன் "எனக்கு விருப்பம் இல்லை" என்று சொல்லிவிட்டு மறுநாள் கேட்டுக்குள் நுழைய முடியுமா? இது எந்தத் தொழிலாளியிடம் கேட்டாலும் தெரியும். ஆளுங்கட்சியான திமுகவுக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்தது. மசோதாவும் நிறைவேறிவிட்டது. இனி என்ன செய்ய முடியும் என்று நம் ஞானிகள் கேட்டிருப்பார்கள்.

நடந்தது என்ன? கூட்டணிக் கட்சிகள் அவையிலேயே வெளிநடப்புச் செய்தன. சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்தன. அவற்றோடு தொமுசவும் நின்றது. ஆளுங்கட்சியின் சொந்தச் சங்கம், தன் கட்சியின் அரசு கொண்டுவந்த சட்டம் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. வேலைநிறுத்தத்துக்கு நாள் குறிக்கப்பட்டது. 24-ஆம் தேதி அமைச்சர்கள் சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசினார்கள். அன்றைக்கே மசோதா நிறுத்திவைக்கப்படுவதாக முதல்வர் அறிவித்தார். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் நின்று, திரும்பப் பெறப்பட்டது என்றே சொல்லிவிட்டார். நிறைவேறிய மசோதா பத்தே நாளில் செத்தது. சேரமாட்டார்கள் என்றீர்களே, அதைக் கொன்றது யார்?

பத்து நாள்! ஒரு குடும்ப அட்டையில் பெயர் திருத்தக்கூட நம் அலுவலகங்களில் அதைவிட அதிக நாள் ஆகும்.

எனக்குப் பக்கத்து இலையில் இருந்த மாமாவுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அது எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை போலும். வங்கி ஊழியருக்கு ஓய்வூதியம் 1993-இல் சங்கங்களுடன் போட்ட ஒப்பந்தத்தால் வந்தது. வங்கிகளில் ஊழியருக்கும் அதிகாரிகளுக்குமாக ஒன்பது சங்கங்கள் ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. அதில் செங்கொடிக்காரர்களும் உண்டு, வலதுசாரிச் சங்கமான பிஎம்எஸ் வழி வந்தவர்களும் உண்டு, காங்கிரஸ் சார்பானவர்களும் உண்டு. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்வார்கள். ஆனால் 2024 மார்ச் 8 அன்று ஊழியர் சங்கங்கள் பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தத்திலும் அதிகாரிகள் சங்கங்கள் கூட்டுக் குறிப்பிலும் சேர்ந்துதான் கையெழுத்திட்டன. ஆயுள் முழுக்க இப்படிப்பட்ட கையெழுத்துகளின் பலனில் வாழ்ந்தவர், சங்கங்கள் சேராது என்று பந்தியில் பேசுவது நன்றிகெட்ட பேச்சு. அன்றைக்கு வயதுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன்.

இன்னொன்று. முதலாளிகளுக்கு எத்தனை சங்கம் என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா? அகில இந்திய அளவில் சிஐஐ, ஃபிக்கி, அசோசெம். திருப்பூர் என்ற ஒரே ஊரில் பனியன் முதலாளிகளுக்கு ஏற்றுமதிக்கு ஒன்று, உள்நாட்டுக்கு ஒன்று, சிறு உற்பத்திக்கு ஒன்று என்று தனித்தனிச் சங்கங்கள். "கம்பெனிக்கு ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், இவர்கள் எங்கே சேரப் போகிறார்கள்" என்று யாரும் சிரித்ததில்லை. அதே திருப்பூரில் சம்பளப் பேச்சுவார்த்தை என்று வந்தால் தொமுசவும் அண்ணா தொழிற்சங்கமும் சிஐடியுவும் ஏஐடியுசியும் ஒரே மேசையில் ஒரே பக்கம் உட்காருகின்றன. 1984-இல் பஞ்சப்படிக்காக அந்த ஊர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அந்த ஊரின் பனியனைப் போட்டுக்கொண்டுதான் இவர்கள் இந்தப் பேச்சைப் பேசுகிறார்கள்.

கட்சி மாறினால் சங்கம் மாறுகிறதே என்பார்கள். மாறுகிறது. எனக்கும் அதில் கோபம் உண்டு. 2018 ஜனவரியில் அதிமுக ஆட்சியில் பஸ் ஓடாமல் நின்றபோது முன்வரிசையில் நின்ற தொமுச, 2024 ஜனவரியில் திமுக ஆட்சியில் பஸ்ஸை ஓட்டியது. அது வெட்கக்கேடு. ஆனால் அதே 2024 ஜனவரியில் சிஐடியுவும் அண்ணா தொழிற்சங்கப் பேரவையும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. ஓய்வுபெற்ற ஓட்டுநர் நடத்துநர்களுக்கு எட்டு ஆண்டாக நிலுவையில் கிடந்த அகவிலைப்படி அதில் முக்கியமான கோரிக்கை. செங்கொடியும் இரட்டை இலையும் ஒரே டிப்போ வாசலில் நின்றதைப் பார்த்தும், சேரமாட்டார்கள் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

பிரிவினை தொழிலாளியின் பிறவிக் குணம் அல்ல. அதைச் செய்து வைக்கிறார்கள். 1921-இல் சென்னை பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் தோற்றது எப்படி? ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் தனியே வேலைக்குத் திரும்பினார்கள். நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பிடித்துக்கொண்டன. தொழிலாளர்கள் குடியிருந்த புளியந்தோப்பு பற்றி எரிந்தது. அவர்களைத் துரோகிகள் என்று எழுதிய ஏடுகள் உண்டு. தெருவில் ஒதுக்கிவைத்தவன் ஆலைக்குள் மட்டும் தோழன் என்று அழைத்தால் அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? சாதியைத் தொடாமல் பேசிய ஒற்றுமை அப்படித்தான் உடைந்தது. இன்றைக்கும் பல சங்கங்களின் நிர்வாகிகள் பட்டியலைப் பார்த்தால் எனக்கு அந்த 1921-தான் நினைவுக்கு வருகிறது.

சேர்ந்து நின்றபோது நடந்ததற்கு 1908 தூத்துக்குடி இருக்கிறது. கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரி கடைசியில் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். ஊரே சேர்ந்துகொண்டது. வேலைநிறுத்தத்தைப் பழித்த வழக்கறிஞர் ஒருவருக்கு ஊர் நாவிதர் சவரம் செய்ய மறுத்துவிட்டார். பத்து நாளுக்குள் கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அப்போது தொழிற்சங்கச் சட்டம் என்று ஒன்றே நாட்டில் கிடையாது.

சட்டம் 1926-இல் வந்தது. அது வந்து ஒரு நூற்றாண்டு நெருங்கும்போது, 2024-இல், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. அவர்களுடைய முதல் கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்து தர வேண்டும் என்பது. கம்பெனியின் பெயரைச் சங்கத்துக்கு வைக்கக் கூடாது என்று ஆட்சேபம் எழுந்தது. பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், நீதிமன்றம் போனபிறகு 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. சேருவதற்கு இவ்வளவு தடை போடுகிறவர்களை விட்டுவிட்டு, சேரவில்லை என்று தொழிலாளியைப் பழிப்பது என்ன நியாயம்? இந்தச் செய்தியையே பல பத்திரிகைகள் "முதலீடு போய்விடும்" என்ற கவலையோடுதான் வெளியிட்டன.

பந்தியில் பேச்சு வந்த புதிய சட்டங்களுக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையாக இருந்தால்தான் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும். முன்பு அந்த எல்லை 100. பேச்சுவார்த்தைக்கு ஒரே சங்கமாக உட்கார 51 சதவீத உறுப்பினர் வேண்டும். தனியாக அந்த எண்ணிக்கையைத் தொடும் சங்கங்கள் எத்தனை இருக்கும்? அப்படி ஒன்றும் இல்லாத ஆலையில் பேச்சுவார்த்தைக் குழு அமையும். 20 சதவீதம் இல்லாத சங்கத்துக்கு அதிலும் இடமில்லை. மூன்றாகவும் நாலாகவும் பிரிந்து கிடந்தால் ஒருவருமே உள்ளே போக முடியாமல் போகலாம். 2023-இல் பத்து நாளில் செய்ததை இனி ஒவ்வொரு ஆலையிலும் செய்தாக வேண்டும். அதற்கு முதல் வேலையாக, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நீலச்சட்டை போட்ட நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்திலேயே வேறு நிறச் சட்டையில் பாதிச் சம்பளத்துக்கு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியை எல்லாச் சங்கங்களும் உறுப்பினராகச் சேர்க்கட்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் என்று எழுதிவைத்த விதியை இந்த ஆண்டுப் பொதுக்குழுவிலேயே அடித்துவிடட்டும்.