காது இருப்பவனுக்கும் ட்யூனர் வேண்டும்

காலடியில் ட்யூனர் பெடல் வைத்து கிடாரைச் சுருதி சேர்க்கும் இளைஞர்களைப் பார்த்தால், என் வயதுக்காரர்களிடம் ஒரு வசனம் தயாராக இருக்கும்: "எங்க காலத்துல காதுதான் ட்யூனர்." நானும் சொன்னவன்தான். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஒரு பையனிடம் எல்லோர் முன்னாலும், "ஏம்ப்பா, உனக்குக் காது இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துச் சமாளித்தான். அடுத்த ஒத்திகையிலிருந்து வரவில்லை. அப்படிக் கேட்டது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் பெருமையையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். ஐந்தாவது ஃப்ரெட், ஏழாவது ஃப்ரெட் ஹார்மோனிக்ஸை ஒப்பிட்டுச் சுருதி சேர்ப்போமே, நினைவிருக்கிறதா? அது காதுக்குச் சுத்தமாகத்தான் கேட்கும். ஆனால் கிடாரின் ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்து அமைக்கப்பட்டவை. ஹார்மோனிக்ஸ் அந்தக் கணக்குக்கு அடங்காது. ஒவ்வொரு தந்தியிலும் சுமார் 2 சென்ட் குறையும். சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. தடித்த ஈ தந்தியில் தொடங்கி ஏ, டி வழியாக ஜி தந்திக்கு வருவதற்குள் ஏறக்குறைய 6 சென்ட் இறங்கிவிடும். எவ்வளவு நல்ல காதாக இருந்தாலும் இதுதான் கதி. பெடலோ ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக அளக்கிறது. ஒன்றின் பிழை இன்னொன்றுக்குப் போகாது.

அடுத்தது, சபை மரியாதை. ஜனங்கள் காத்திருக்க, "டொய்ங், டொய்ங்" என்று முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தோம். டிரம்ஸ்காரர் தட்டிப் பார்க்க ஆரம்பித்தால் நம் காது எங்கே போகும்? பெடலை மிதித்தால் ஸ்பீக்கரில் சத்தம் நிற்கும். விளக்கைப் பார்த்துச் சேர்த்துவிட்டு மறுபடி மிதித்தால் பாட்டு தொடங்கலாம்.

குரோமேட்டிக் ட்யூனர் 12 ஸ்வரங்களையும் காட்டும். பாடுபவருக்காக எல்லாத் தந்தியையும் அரை ஸ்வரம் இறக்கினாலும் அதற்குத் தெரியும். பழைய ஆர்மோனியம் 440 ஹெர்ட்ஸுக்குச் சற்றுத் தள்ளி நின்றால், பல பெடல்களில் அந்த அளவையே மாற்றிக்கொள்ளலாம். ஆர்மோனியம் தள்ளி நிற்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் காது வேண்டும்.

"இப்படியே போனால் காது மழுங்கிவிடும்" என்பார்கள். கச்சேரி மேடையில் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி வந்தபோது பாடகர்களுக்குக் காது போய்விட்டதா? பெடலைப் பார்த்து நாம் சேர்ப்பது திறந்த தந்தியின் சுருதியை மட்டும். விரலை அளவுக்கு மேல் அழுத்தினால் ஸ்வரம் ஏறுவதையும், பழைய தந்தி மேல் ஃப்ரெட்டுகளில் பிசகுவதையும் வாசிக்கும்போது காதுதான் பிடிக்க வேண்டும். பெடல் வேலையை முடித்த இடத்தில்தான் காதின் வேலை தொடங்குகிறது.

நாம் கற்றுத்தர வேண்டியது அதைத்தான். நான் கற்றுத்தரவில்லை, கேலி செய்தேன். அந்தப் பையன் இன்னும் திரும்பி வரவில்லை. அவன் வீடு அடுத்த தெருதான். போக வேண்டியவன் நான்.