சாவி யாரிடம்?

லினக்ஸ் எந்தக் கட்சி? கேரளத்து இடதுசாரிகள் அதைப் பன்னாட்டு நிறுவனங்களின் ஏகபோகத்துக்கு மாற்று என்று பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அதற்காக வாதாடிய எரிக் ரேமண்டோ அரசாங்கத் தலையீடு என்றாலே கொதிப்பவர், துப்பாக்கி உரிமைக்காரர்.

1983-ல் சுதந்திர சாஃப்ட்வேர் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு இது தர்மப் பிரச்சினை. தர்மம் பேசினால் கம்பெனிகள் மிரளும் என்று கருதிய ரேமண்டும் கூட்டாளிகளும் 1998-ல் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரைப் பரப்பினார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் ஸ்டால்மன் வகுத்த லைசென்ஸ் எவருடைய கொள்கையையும் கேட்பதில்லை. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம்.

லைசென்ஸ் கேட்காததைச் சட்டம் கேட்டது. 2024 அக்டோபரில், பிறர் அனுப்பும் திருத்தங்களைப் பரிசீலிக்கும் லினக்ஸ் பராமரிப்பாளர்கள் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புள்ள சுமார் பத்துப் பேர் நீக்கப்பட்டார்கள். உக்ரைன் போரையொட்டி ரஷ்யா மீது விதிக்கப்பட்ட தடைகளே காரணம். எதிர்ப்புக் கிளம்பியபோது லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் மசியவில்லை. தான் ஃபின்லாந்துக்காரன் என்பதை நினைவூட்டினார். அவருடைய தந்தை நில்ஸ் ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் என்பது வேறு விஷயம்.

ரஷ்யர்கள் இப்போதும் லினக்ஸைப் பிரதி எடுக்கலாம். தனியாக வளர்க்கவும் செய்யலாம். அதற்கு யார் தயவும் வேண்டாம், ஆட்கள்தான் வேண்டும். லினக்ஸை நம்பியிருக்கும் இந்திய அரசுகள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். இலவசமாகக் கிடைத்ததைப் பிறர் கைவிட்டாலும் காப்பாற்றத் தெரிந்தவர்கள் இங்கே எத்தனை பேர்?