காவல் மணியும் வழுவமைதியும்

கள்ளனுக்கு அஞ்சிக் காவல் மணி வைத்தோம். சென்ற மாரியிலே அந்த மணிக்கே அஞ்சலானோம்.

நான் கல்லூரியிலிருந்து பொழுதுபட்ட பின்னரே வீடு திரும்புபவன். மனையாள் தனித்திருப்பாள். அதனாலேயே கதவு, யன்னல்களுக்குக் காவற்கருவி பொருத்துவித்தேன். மழை தொடங்கிய கிழமையில் ஒருநாள் நள்ளிரவிலே மணி அலறிற்று. அயலவர் பொல்லும் ரோச் விளக்குமாய் ஓடிவந்தனர். கள்ளனைக் காணோம். மறுநாளும் அலறிற்று, இருவர் வந்தனர். மூன்றாம் நாள் ஒருவரும் வந்திலர். புலி வருகிறது என்று கூவிய இடைச்சிறுவன் கதையை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்பவன் நான். அக்கதைக்கு நானே பாத்திரமானேன்.

குற்றத்தை முதலிற் பல்லியின்மேற் சுமத்தினோம். விறாந்தையிலே ஆள் அசைவை உணரும் கருவி ஒன்றுண்டு. அதன் முகத்திலே பல்லி ஊர்ந்தால் அது மயங்குதலும் கூடும். மகன் சொன்ன பரிகாரம் வேறு: மணிக்குச் செல்லும் வயரைக் கழற்றிவிடுதல். நோயாளி முனகுகின்றான் என்று அவன் வாயைக் கட்டுவார் உளரோ?

மின்வேலை பயின்ற என் பழைய மாணவனை அழைத்தேன். அவன் எதனையும் தொடவில்லை. "ஐயா, பெட்டி தன் குறையைத் தானே எழுதிவைத்திருக்கும். வாசித்தீர்களா?" என்றான். வாசிக்கவில்லை. செல்லரித்த ஏடுகளையெல்லாம் தேடி வாசிக்கும் பண்டிதன், தன் வீட்டுச் சுவரில் இருந்ததை வாசிக்கவில்லை!

மூன்று இரவும் ஒரே இடத்தையே பெட்டி குறித்திருந்தது: பின்பக்க யன்னல். பல்லி குற்றமற்றது. மழையீரத்திலே மரம் பருத்து, யன்னல் முழுதும் பொருந்தாமல் நின்றது. அதிலுள்ள காந்தத்துக்கும் நிலையிலுள்ள ஆளிக்கும் இடைவெளி கூடிற்று. காற்று அசைத்தபோதெல்லாம் சுற்று அறுந்தது. மரத்தைச் சீவிக் காந்தத்தைக் கிட்ட வைத்தான். அவ்வளவே.

ஆனால், பெட்டியிலே மஞ்சள் விளக்கு ஒன்று மாதக்கணக்காய் எரிந்துகொண்டிருந்ததே! கண்ணை உறுத்துகின்றதென்று அதன்மேல் நாட்காட்டியைத் தொங்கவிட்டிருந்தோம். அது பற்றறியின் முறையீடு. பிரதான மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தபோது, 12 வோல்ற் பற்றறி சில நிமிடத்திலே சோர்ந்து விழுந்தது. இவ்வகைப் பற்றறியின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள். அடிக்கடி முற்றாக வடிந்தால் அதுவும் குறையும். 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை யார் மறப்பர்? அந்த ஆண்டைக் கண்ட பற்றறி அது. கள்ளன் இருளை நாடி வருபவன். எங்கள் மணியோ இருள் வந்தால் ஊமை.

இன்னொரு பிழையும் கண்டான். 1853 இல் அமெரிக்கரான அகஸ்ரஸ் போப் என்பார் உரிமை பெற்ற மின்காவல் மணி, கதவு திறந்து சுற்று இணைந்தாலே ஒலிக்கும். வயர் அறுந்தால் மௌனந்தான். இக்காலத்து முறையோ மறுதலை: வயரில் இடையறாது சிறு மின் ஓடும், கடைக்கோடியிலே ஒரு தடையி இருக்கும். வயரை அறுத்தாலும், இடையிலே இரண்டையும் சேர்த்து ஏய்த்தாலும், பெட்டி வேறுபாட்டை அறியும். எங்கள் வீட்டிலே பொருத்தியவர் அத்தடையியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். வயரைச் சேர்த்து ஏய்ப்பவனைப் பெட்டி அறியாது. முன்வாங்குப் பிள்ளையை மாத்திரம் வினாவி, கடைவாங்குக்கும் பாடம் விளங்கிற்று என்று கொள்ளும் ஆசிரியரை நான் அறிவேன். சில நாட்களில் அவர் நானேதான்.

பெட்டியிலே ஒரு வசதியுண்டு. பழுதான இடத்தை விலக்கிவைத்து, ஏனையவற்றைக் காவலில் விடலாம். பலர் அதையே மருந்தாக்கி, பின்பு மறந்துவிடுகின்றனர். நம் இலக்கணத்திலும் வழு உண்டு, வழாநிலை உண்டு, வழுவமைதியும் உண்டு. உவகை மிகுதியாற் பசுவை அம்மை என்றழைப்பது திணை வழுவியும் அமைவது. அங்கே காரணம் நிற்கின்றது. காரணமின்றி அமைத்துக்கொள்வது சோம்பலேயன்றி அமைதியன்று. திருத்துமட்டும் ஓரிரவு விலக்கிவைத்தல் வழுவமைதி. மாதக்கணக்காய் விலக்கிவைத்தல் கள்ளனுக்குக் கதவு திறத்தல்.

ஆதலால், மணி தொல்லை தந்தால் அதனை அடக்குமுன் அது சொல்வதை வாசியுங்கள். மாதத்துக்கொருமுறை, அயலவருக்கு அறிவித்துவிட்டு, ஒவ்வொரு கதவையும் திறந்து சோதியுங்கள். மின்சாரத்தை நிறுத்திப் பற்றறியையும் பாருங்கள். பெட்டியைத் திறக்கும் வேலையை அறிந்தவரிடம் விடுங்கள்.

பழுது நீங்கிய மாலை வேலியோரம் சென்று, "இனி மணி கேட்டால் வாருங்கள்" என்று அயலவரை வேண்டினேன். "பார்ப்போம், பண்டிதர்" என்றார் முதியவர் ஒருவர். பெட்டியைத் திருத்த ஒரு பகல் போதியதாயிற்று. அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லைத் திருத்த எத்தனை மாரி செல்லுமோ!