ஒரே அமர்வில் ஒரு சிறாரின் மனதை அளக்க முடியாது
இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மதிப்பீடு குறித்து, நீதிமன்றப் பணியிலுள்ள உளவியலாளர்களாகிய எங்கள் நிலைப்பாடு

16 வயது நிரம்பி 18 நிரம்பாத சிறார் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றுள்ள குற்றம் சாட்டப்பட்டால், அவரைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதை முடிவு செய்ய ஒரு முதற்கட்ட மதிப்பீட்டை வைத்திருக்கிறது. அக்குற்றத்தைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் இருந்தனவா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் எங்களுக்கு அழைப்பு வருகிறது. கூர்நோக்கு இல்லத்தில் ஓர் அறை, எதிரே மிரண்டுபோன ஒரு பையன், கையில் சில சோதனைத் தாள்கள். சம்பவம் நடந்து வாரங்கள் கடந்திருக்கும். அன்றைக்கு அவன் மனம் எப்படி இருந்தது என்று இன்றைக்குச் சொல்லச் சொல்கிறார்கள். அதை நேராக அளக்கும் சோதனை எதுவும் உலகில் இல்லை. இதை நீதிமன்றத்திடம் மறைப்பது எங்கள் தொழிலுக்குச் செய்யும் துரோகம்.

நுண்ணறிவுச் சோதனையின் மதிப்பெண்ணைக் காட்டி, விளைவு அறிந்தே செய்தான் என்று எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. அமைதியான அறையில் கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லும் பதின்வயதினர், கூட்டாளிகள் சூழ நிற்கும்போதும் ஆத்திரம் தலைக்கேறும்போதும் அதே நிதானத்தோடு முடிவெடுப்பதில்லை. வளரிளம் பருவம் குறித்த ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது. ஆகவே மதிப்பெண்ணோடு பள்ளிக்கூடம், வீடு, சேர்க்கை, போதைப்பழக்கம், பட்ட அடிகள் எல்லாம் சேர்ந்தால்தான் அறிக்கை. பெற்றோரிடம் பேசாமல், நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கையைப் படிக்காமல் எழுதப்படுவது அறிக்கையே அல்ல.

மதிப்பீடு விசாரணை ஆகாது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. எனவே "நீ செய்தாயா?" என்ற கேள்வி அந்த அறையில் எழக் கூடாது. பெரியவராக விசாரிக்கலாம் என்ற பரிந்துரையையும் உளவியலாளர் எழுதக் கூடாது. அந்த முடிவு குழுமத்துடையது, பிறகு குழந்தைகள் நீதிமன்றத்துடையது.

இன்னொன்றில் நாங்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டோம். ஆற்றுப்படுத்துபவரும் மதிப்பிடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. தன்னைத் தேற்ற வந்த அக்கா என்று நம்பி ஒரு பையன் அழுதுகொண்டே சொன்னது, அடுத்த வாரம் கோப்பில் ஒரு வரியாக நின்றால் அவன் இனி எந்த ஆலோசகரையும் நம்ப மாட்டான். மருத்துவத்தில் ரகசியம் காப்பது முதல் கடமை. நீதிமன்றப் பணியிலோ, நீ சொல்வது என்னோடு நிற்காது என்று முதலிலேயே அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுவது முதல் கடமை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியாகவும் எங்களைப் பார்க்க வேண்டாம். நார்கோ சோதனை, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றைக் கட்டாயப்படுத்தி நடத்துவது அரசமைப்புக்கு முரண் என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2022 ஜூலையில் வந்த தீர்ப்பு எங்கள் பொறுப்பைக் கூட்டியிருக்கிறது. குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர் குழுமத்தில் இல்லையென்றால், நிபுணர் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வரவேற்கிறோம். ஆனால் அந்த நிபுணர் யார்? மருத்துவ உளவியலாளர்களை இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்கிறது. தடயவியல் உளவியலாளருக்கென்று தனிப் பதிவேடு இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறி குறுக்கு விசாரணைக்கு நின்று பழகாதவர்களே பெரும்பாலும் இப்பணிக்கு அனுப்பப்படுகிறார்கள். சட்டமும் உளவியலும் கற்று, தேர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணி செய்தவர்களுக்கான பதிவேடு ஒன்றை அரசு தொடங்க வேண்டும். மாவட்டந்தோறும் அத்தகையவருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும்.

குழுமங்களிடம் நாங்கள் கேட்பது நேரம். பல நாட்களில் பல அமர்வுகள், சிறாரின் தாய்மொழியில், காவலர் எவரும் அருகில் இல்லாமல். இத்துறைக்கு வர விரும்பும் இளையோரிடமும் எங்கள் சக உளவியலாளர்களிடமும் கேட்பது வேறு. போதிய நேரம் தரப்படாத மதிப்பீட்டில் கையெழுத்திடாதீர்கள். தெரியாத இடத்தில் "சொல்ல இயலவில்லை" என்று எழுதிக் கொடுங்கள்.