கடலூரிலிருந்து சிதம்பரம்: பறந்தால் எத்தனை நிமிடம்?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே விமானப் பயண நேரம் என்ன என்று கணினியைக் கேட்டால் பதில் வந்துவிடுகிறது. நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமென்றால் 3 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரைமணி சேர்த்துச் சொல்லும் கணிப்பான்களும் உண்டு. கணக்கில் பிழையில்லை. விமானம்தான் இல்லை.

இரண்டு ஊரிலும் விமான நிலையம் கிடையாது. கடலூர்க்காரர் பறக்க விரும்பினால், முதலில் சிதம்பரத்துக்கு எதிர்த்திசையில், வடக்கே புதுச்சேரிக்குப் போகவேண்டும். நெய்வேலியில் ஓர் ஓடுபாதை உண்டு. அங்கிருந்து கிளம்பினாலும் சிதம்பரத்தில் இறங்க இடமில்லை.

சிறிய அபத்தம்தானே, சிரித்துவிட்டுப் போகலாமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இல்லாத பயணத்துக்கு நிமிடக் கணக்குச் சொல்லும்போது இருக்கின்ற பயணம் பார்வையிலிருந்து மறைகிறது. சாலைவழி ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இருப்புப்பாதையோ ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஊர் ஊராகத் தொட்டு, வெள்ளாற்றைக் கடந்து, கிள்ளை வழியாகச் சிதம்பரம் சேர்கிறது. விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர்கேஜ் பாதையை அகலப்படுத்துவதற்காக ரயிலை நிறுத்தினார்கள். 2010இல்தான் பாதை மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த மாணவருக்கும் கூடையோடு ஏறி இறங்கிய வியாபாரிக்கும் இந்தத் தூரம் நீண்டுதான் போயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரைகடந்து மரங்களைச் சாய்த்தபோது மறுபடியும் நீண்டது. நேர்கோடு மட்டும் அன்றும் அதே 40 கிலோமீட்டர்தான்.

தூரம் என்பது நடப்பவர் யார் என்பதையும் பொறுத்தது என்று இந்த மண்ணுக்கு நெடுங்காலமாகத் தெரியும். கொள்ளிடக்கரை ஆதனூரிலிருந்து தில்லை எட்டாத தொலைவன்று. ஆயினும் நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லியே ஒருவர் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றார். அவரைத் தடுத்தது பிறப்பின்மேல் மனிதர் விதித்த விலக்கு. வழியின் நீளமன்று.

பழங்கதை என்று இதைத் தள்ளவும் இயலவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகச் சேக்கிழார் கூறும் அப்பர், பின்னாளில் தில்லைக்கு வந்து பாடினார். அந்தத் திருப்பாதிரிப்புலியூர் இன்றைய கடலூருக்குள் இருக்கிறது. அவருடைய தேவாரத்தைத் தில்லைக் கோயிலின் சிற்றம்பல மேடையில் ஏறிப் பாட, சிவனடியார் ஆறுமுகசாமிக்கு 2008இல் அரசாணையும் காவல்துறையின் துணையும் வேண்டியிருந்தன. கடலூர்க் கரையிலிருந்து வந்த தமிழ் கடைசிச் சில படிகளுக்கு முன்னால் காத்து நின்றது. அந்தப் படிகளுக்கு எத்தனை நிமிடம் என்று எந்தக் கணிப்பான் சொல்லும்?

கணிதத்தின்மேல் நமக்குப் பகையில்லை. சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே அது பயன்படட்டும். விமானம் இல்லாத இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லும் நேர்மையைத்தான் கேட்கிறோம். இரண்டு ஊர்ப் பெயர்களைப் புள்ளிகளாக்கிக் கோடு கிழித்துவிட்டு, அதையே அறிவு என்று நம் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டாம் என்கிறோம். அவர்கள் கேட்டால் கடலூர் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்று சிதம்பரம் வண்டியில் ஏற்றுங்கள். சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுங்கள். வெள்ளாறு வரும்போது அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.