விஞ்ஞான மேடை: நெருக்கினால் ஓடும் மின்சாரம்

நம் இல்லத்திலுள்ள மின்கம்பி ஒன்றை எடுத்து நோக்குவோம். உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக் உறை. செம்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. உறை அதனைத் தடுத்து நம் கைகளைக் காக்கிறது. பிளாஸ்டிக், மெழுகு, சர்க்கரை முதலிய கரிமப் பொருள்கள் மின்சாரத்தைக் கடத்தமாட்டா என்றே பள்ளியில் படித்தோம். அப்பாடம் பெரும்பாலும் மெய்யே. ஆயினும், கரிமப் பொருள்களுள் சில உலோகம் போல மின்சாரத்தைக் கடத்துகின்றன. தக்க நிலையில் செம்பும் செய்யாத ஒன்றைச் செய்து காட்டுகின்றன.

செம்புக் கம்பியில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. எலெக்ட்ரான்கள் வழியில் தடையுறுவதே இதற்குக் காரணம். 1911-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் என்னும் அறிஞர், பாதரசத்தைப் பூஜ்யத்திற்குக் கீழ் 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தபோது அத்தடை அறவே மறைந்ததைக் கண்டார். இந்நிலையை மீக்கடத்தல் என்பர். 1964-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் லிட்டில், தக்கவாறு அமைந்த நீண்ட கரிம மூலக்கூறுகள் அறை வெப்பத்திலேயே மீக்கடத்தல் புரியக்கூடும் என்று எழுதினார். இத்தகைய பொருளைத் தேடும் ஆர்வம் அறிஞரிடையே வளர்ந்தது.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கிளாஸ் பெக்கார்ட் என்பவர் செலீனியம் கலந்த கரிம உப்பொன்றை ஆக்கினார். அதன் தட்டையான மூலக்கூறுகள் அப்பளக் கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்றவை. அவ்வடுக்கு வழியே மின்சாரம் நன்கு ஓடும். ஆனால் பூஜ்யத்திற்குக் கீழ் 261 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஓட்டம் தடைபட்டுவிடும். பாரிஸுக்கு அருகிலுள்ள ஓர்சேயில் டெனி ஜெரோம் குழுவினர், 1979-இன் இறுதியில், அவ்வுப்பை ஏறத்தாழ 12,000 வளிமண்டல அழுத்தத்திற்கு உட்படுத்தினர். ஆழ்கடலின் மிகத் தாழ்ந்த இடத்திலும் அழுத்தம் சுமார் 1,100 வளிமண்டலமே என்பதை ஒப்பிட்டு நோக்குக. அந்நெருக்குதலில் தடை விலகியது. பூஜ்யத்திற்குக் கீழ் சுமார் 272 டிகிரியில் உப்பு மீக்கடத்தியாயிற்று. முதல் கரிம மீக்கடத்தி அதுவே.

மின்சாரம் ஏன் நிற்கிறது, அழுத்தம் ஏன் அதனை ஓடச் செய்கிறது? செலீனியத்திற்குப் பதிலாகக் கந்தகம் அமைந்த உடன்பிறப்பு உப்பில் இதற்கு விடை கிடைக்கிறது. இரண்டு மூலக்கூறுகளுக்கு ஒரு மின்னேற்றம் என்பது அங்குள்ள கணக்கு. எண்மர் அமரக்கூடிய இரயில் பலகையில், ஒருவரையொருவர் அறியாத நால்வர் ஏறினால் எவ்வாறு அமர்வர்? ஓரிடம் விட்டு ஓரிடம் அமர்வர். நடுவில் எவர் நகர்ந்தாலும் பக்கத்தவரை நெருங்க வேண்டும்; ஆகவே எவரும் நகரார். மின்னேற்றங்களும் ஒன்றையொன்று விலக்குபவை. பூஜ்யத்திற்குக் கீழ் 206 டிகிரியளவில், ஒரு மூலக்கூறில் மின்னேற்றம் சற்று மிகுந்தும் அடுத்ததில் சற்றுக் குறைந்தும் மாறி மாறி அமைந்துவிடுகின்றது. இதனை மின்னேற்ற ஒழுங்கு என்பர்.

நெருக்கினால் விலக்கம் மிகுந்து இறுக்கம் கூடுமே என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் மூலக்கூறுகள் அண்மையில் வரும்போது அவற்றின் எலெக்ட்ரான் மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அடுத்தடுத்த வீடுகளின் திண்ணைகள் இணைந்துவிட்டால், ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்குச் செல்வது எளிதாகுமன்றோ? அதுபோல, இருந்த இடத்தில் இருப்பதைவிட நகர்வதே எலெக்ட்ரானுக்கு உகந்ததாகிறது, ஒழுங்கு குலைகிறது. கந்தக உப்பை மேலும் மேலும் அழுத்த, அது தன் செலீனிய உடன்பிறப்பின் இயல்புகளை ஒவ்வொன்றாக எய்துகிறது. 2000, 2001 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளின்படி, 50,000 வளிமண்டலத்திற்கு மேல் அதுவும் மீக்கடத்தியாயிற்று.

இங்கேதான் அறிஞரிடையே கருத்து வேற்றுமை எழுகின்றது. மின்னேற்ற ஒழுங்கு மீக்கடத்தலுக்குப் பகையே என்பது ஒரு சாரார் கருத்து. முற்றும் நிலைபெற்ற ஒழுங்கு பகையாயினும், குலையும் தறுவாயில் அது கொள்ளும் அசைவே எலெக்ட்ரான்களை இணை இணையாகச் சேர்க்கக்கூடும் என்பர் மற்றொரு சாரார். காந்த ஒழுங்கின் அசைவே காரணம் என்போரும் உளர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

லிட்டில் கண்ட கனவும் நிறைவேறவில்லை. 2003-இல் ஜப்பானில் இத்தகைய உப்பொன்று, 82,000 வளிமண்டல அழுத்தத்தில், பூஜ்யத்திற்குக் கீழ் 259 டிகிரியில் மீக்கடத்தியாயிற்று. இவ்வகை உப்புகள் எட்டிய மிக உயர்ந்த வெப்பநிலைகளுள் அது ஒன்று. அறை வெப்பத்திற்கு அது வெகு தொலைவு. நம் வீட்டுக் கம்பியில் செம்பின் இடத்தை இவ்வுப்புகள் பிடிக்குமென எதிர்பார்ப்பதற்கில்லை.

எனினும் உழைப்பு வீண்போகவில்லை. மின்சாரம் முற்றும் உறைந்து நிற்கும் நிலையும், தடையின்றி ஓடும் நிலையும் வெகு தொலைவில் உள்ளவை என்று எண்ணியிருந்தோம். ஒரே பொருளில், ஓர் அழுத்த அளவு மட்டுமே இடையில் நிற்க, அவை அண்டை வீட்டாராக வாழ்கின்றன என்பதை இவ்வுப்புகள் காட்டின. அவ்விரண்டிற்கும் உள்ள உறவு பகையா நட்பா என்பதை உறுதி செய்யும் பணி, இன்று கல்லூரியில் பௌதிகமும் இரசாயனமும் பயிலும் நம் இளைஞர்களுக்கும் காத்திருக்கிறது.